அறிவியலுக்கு ஈந்த அழகப்பர்

நுழையுமுன்

திருப்பதி மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், வங்கக் கடலோரத்தில், ஸ்ரீஹரிகோட்டா அமைந்துள்ளது. அங்கிருந்து விண்ணுக்குச் செல்லும் ஜி.எஸ்.எல்.வி. ஏவூர்தியின் மேலடுக்கில் திரவ ஹைட்ரஜன் எரிபொருளாகப் பயன்படுகிறது. ஏவுதளத்தின் அருகே அலைவீசும் கடலின் நீரிலும் அதே ஹைட்ரஜன் அடங்கியுள்ளது. நீரின் ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் ஓர் ஆக்சிஜன் அணுவும் சேர்ந்து உருவானதாகும். கடல்நீரிலிருந்து ஹைட்ரஜனைக் குறைந்த செலவில் பிரித்தெடுக்கும் வழியை உலகின் பல நாடுகளில் அறிவியலாளர் தேடி வருகின்றனர்.

இத்தேடலுக்கு அடிப்படையான துறை மின்வேதியியல். இந்தியாவில் அத்துறைக்கென்றே நிறுவப்பட்ட தேசிய ஆய்வகம் தமிழ்நாட்டின் காரைக்குடியில் உள்ளது. பெரிய ஆறுகளும் பெருந்தொழிற்சாலைகளும் இல்லாத அச்சிறுநகருக்கு அவ்வாய்வகம் வந்து சேர்ந்தமைக்கு ஒரு மனிதரின் கொடையே காரணம். அவரே வள்ளல் அழகப்பச் செட்டியார்.

பிறப்பும் கல்வியும்

இன்றைய சிவகங்கை மாவட்டத்தில், காரைக்குடியை ஒட்டியுள்ள கோட்டையூரில், 1909ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் அழகப்பர் பிறந்தார். தந்தையார் இராமநாதன் செட்டியார். தாயார் உமையாள் ஆச்சி. வானம் பார்த்த பூமியாகிய செட்டிநாட்டில் வேளாண்மை பெரிதும் செழிக்கவில்லை. ஆகவே, அங்குள்ள நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை முதலிய நாடுகளுக்குக் கடல் கடந்து சென்று பொருளீட்டினர். பிள்ளைகள் எழுத்தும் கணக்கும் கற்றவுடன் கடையில் அமர்ந்து தொழில் பழகுவதே அக்கால வழக்கம்.

அழகப்பர் அவ்வழக்கத்திலிருந்து விலகி நடந்தார். காரைக்குடியில் பள்ளிக் கல்வியை முடித்தபின் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். பின்னர் இங்கிலாந்து சென்று சட்டம் பயின்று பாரிஸ்டர் ஆனார். விமானம் ஓட்டக் கற்று அதற்குரிய உரிமமும் பெற்றார். இளமையிலேயே கடும் நோய் அவரைப் பற்றியது. வாழ்நாள் முழுவதும் அந்நோயோடு போராடியவாறே அவர் தம் பணிகளைச் செய்ய வேண்டியிருந்தது.

தொழிலும் கொடையும்

தாயகம் திரும்பிய அழகப்பர் தொழில்துறையில் ஈடுபட்டார். 1937ஆம் ஆண்டில் கேரளத்தின் திருச்சூர்ப் பகுதியில் நெசவாலை ஒன்றை நிறுவினார். அவ்வாலையைச் சுற்றி உருவான ஊர் இன்றும் அழகப்பநகர் என்றே வழங்கப்படுகிறது. ஜூபிட்டர் ஏர்வேஸ் என்னும் விமான நிறுவனத்தையும் நடத்தினார். ஆங்கிலேய அரசு அவருக்குச் சர் பட்டம் அளித்தது. நாடு விடுதலை பெற்றபோது அப்பட்டத்தை அவர் துறந்தார்.

ஈட்டிய செல்வத்தை அவர் கல்விக்கு ஈந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தொழில்நுட்பக் கல்வி வளர நன்கொடை அளித்தார். அதன் பயனாக 1944ஆம் ஆண்டில் தோன்றிய அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி, இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாக விளங்குகிறது. தமிழகத்திற்கு வெளியேயும் தமிழ் கற்பிக்கப்பட வேண்டும் என்னும் நோக்குடன், திருவனந்தபுரத்தில் இருந்த திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறை அமைய 1 லட்சம் ரூபாய் வழங்கினார். பிற மாநிலங்களில் வாழும் தமிழ்ப் பிள்ளைகள் நினைவில் கொள்ளத்தக்க கொடை அது.

சொல்லும் செயலும்

1947ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சென்னையில் ஒரு விழா நடைபெற்றது. அதில் உரையாற்றிய சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. இலட்சுமணசுவாமி முதலியார், கல்லூரிகள் பெருநகரங்களிலேயே குவிந்திருப்பதைச் சுட்டிக்காட்டினார். சிற்றூர்ப் பகுதிகளில் கல்லூரி தொடங்கச் செல்வர்கள் முன்வர வேண்டும் என்றும் வேண்டினார். அவையிலிருந்த அழகப்பர் உடனே எழுந்து, காரைக்குடியில் கலைக்கல்லூரி ஒன்றைத் தாம் தொடங்குவதாக அறிவித்தார்.

அறிவிப்புக்கும் செயலுக்கும் இடையே நெடுநாள் கழியவில்லை. தனிக் கட்டடம் எழும்வரை காத்திராமல், காரைக்குடியில் இருந்த காந்தி மாளிகையில் அடுத்த திங்களிலேயே வகுப்புகள் தொடங்கின. அப்போது நாட்டின் விடுதலைக்குச் சில நாட்களே எஞ்சியிருந்தன. அதுவரை கல்லூரிப் படிப்புக்காக மதுரைக்கோ திருச்சிக்கோ செல்ல வேண்டியிருந்த மாணவர்கள், சொந்த ஊரிலேயே பட்டம் பயிலும் நிலை உருவாயிற்று.

அறிவியல் கேட்ட இடம்

விடுதலை பெற்ற இந்தியா தொழில் வளர்ச்சிக்குத் தேசிய ஆய்வகங்களை அமைக்கத் திட்டமிட்டது. அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் குழுவின் தலைமைப் பொறுப்பில் இருந்த அறிவியலாளர் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் அப்பணியை முன்னின்று நடத்தினார். இயற்பியல் ஆய்வகம் டில்லியிலும், வேதியியல் ஆய்வகம் புனேயிலும், தோல் ஆய்வகம் சென்னையிலும் அமையவிருந்தன. மின்வேதியியலுக்கும் தனி ஆய்வகம் ஒன்று தேவைப்பட்டது.

மின்சாரத்திற்கும் வேதிவினைக்கும் உள்ள உறவை ஆராய்வது மின்வேதியியல். இரும்பின்மேல் நிக்கல் பூசுவதும், மின்கலம் செய்வதும், உப்புக் கரைசலிலிருந்து எரிசோடா எடுப்பதும், தாதுவிலிருந்து அலுமினியம் பிரிப்பதும் அதன் பாற்பட்டவை. இரும்பு துருப்பிடிப்பதும் ஒரு மின்வேதி நிகழ்வே. இத்தகைய பொருள்கள் பலவற்றுக்கு அன்றைய இந்தியா வெளிநாடுகளையே நம்பியிருந்தது.

அவ்வாய்வகத்தைக் காரைக்குடியில் அமைக்க அழகப்பர் விரும்பினார். அதற்காக 300 ஏக்கர் நிலத்தையும் 15 லட்சம் ரூபாயையும் வழங்க முன்வந்தார். அக்காலத்தில் அது மிகப் பெருந்தொகை. சத்திரம் கட்டினால் வழிப்போக்கர் தங்குவதைக் கண்ணால் காணலாம். குளம் வெட்டினால் அடுத்த மழையிலேயே நீர் நிறைவதைக் காணலாம். ஆய்வகத்தின் பயன் அத்தகையதன்று. ஓர் ஆய்வு பலன் தர இருபது ஆண்டுகளும் ஆகலாம். ஐம்பது ஆண்டுகளும் ஆகலாம். பலன் தராமலும் போகலாம். நோயுற்ற உடலோடு இருந்த ஒருவர், தம் காலத்திலேயே விளையும் என்று உறுதி சொல்ல இயலாத ஒரு பயிருக்குத் தம் பொருளை விதையாக இட்டார். அவருடைய கொடைகளுள் இது தனிச்சிறப்புடையதாக அமைவது இதனாலேயே.

அழகப்பரின் கொடையை அரசு ஏற்றுக்கொண்டது. 1948ஆம் ஆண்டு சூலை 25ஆம் நாள் பிரதமர் ஜவஹர்லால் நேரு காரைக்குடிக்கு வந்து, நடுவண் மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்திற்கு அடிக்கல் நாட்டினார்.

திருப்பதியில் பயின்றவர் திறந்து வைத்தார்

அந்நாளில் சித்தூரும் திருப்பதியும் காரைக்குடியும் ஒரே மாகாணத்தைச் சேர்ந்த ஊர்களாக இருந்தன. சென்னை மாகாணத்தின் மாவட்டங்களுள் ஒன்றாகச் சித்தூர் மாவட்டம் இருந்தது. தெற்கே இராமநாதபுரம் மாவட்டத்தில் காரைக்குடி இருந்தது. தமிழும் தெலுங்கும் ஒரே கடைவீதியில் ஒலித்த காலம் அது.

ஆய்வகக் கட்டடப் பணிகள் நிறைவெய்தியபின், 1953ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் திறப்பு விழா நடைபெற்றது. குடியரசுத் துணைத்தலைவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் அவ்வாய்வகத்தைத் திறந்து வைத்தார். அவர் தெலுங்கு பேசும் குடும்பத்தில் திருத்தணியில் பிறந்தவர். சிறுவயதில் திருப்பதியில் இருந்த கிறித்தவ சமயப் பள்ளியில் பயின்றவர். திருத்தணியும் அப்போது சித்தூர் மாவட்டத்திலேயே இருந்தது. திருப்பதியில் பள்ளிக்குச் சென்ற ஒரு சிறுவர், பிற்காலத்தில் காரைக்குடி ஆய்வகத்தின் வாயிலைத் திறந்து வைத்தார்.

அதே ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் உருவாயிற்று. சித்தூர் மாவட்டம் அதனுடன் இணைந்தது. 1960ஆம் ஆண்டில் திருத்தணி மீண்டும் சென்னை மாநிலத்திற்கு வந்தது. எல்லைக் கோடுகள் மாறியபோதும் காரைக்குடி ஆய்வகம் நாடு முழுமைக்கும் உரிய நிறுவனமாகத் தொடர்ந்தது. பல மாநிலங்களிலிருந்தும் ஆய்வாளர்களும் மாணவர்களும் அங்கு வந்து பணியாற்றினர்.

இறுதி ஆண்டுகள்

ஆய்வகத்தோடு அழகப்பரின் முயற்சி நின்றுவிடவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, பொறியியல் கல்லூரி, பல்தொழில்நுட்பப் பயிலகம், சிறுவர் பள்ளி எனக் கல்வி நிலையங்கள் பல காரைக்குடியில் எழுந்தன. பொறியியல் கல்லூரி 1952ஆம் ஆண்டில் தொடங்கியது. தாம் வாழ்ந்த மாளிகையையும் பெண்களின் கல்விக்காக அவர் அளித்தார். இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கிச் சிறப்பித்தது.

நோய் அவர் உடலைத் தொடர்ந்து வருத்தியது. 1957ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் அழகப்பர் மறைந்தார். மறுநாள் அவருக்கு 48 வயது நிறைந்திருக்கும். தாம் நிலம் கொடுத்த ஆய்வகம் இயங்கத் தொடங்கிய முதல் நான்கு ஆண்டுகளை மட்டுமே அவரால் காண முடிந்தது.

அவர் நிறுவிய கல்வி நிலையங்களின் வளர்ச்சியாக, 1985ஆம் ஆண்டில் காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம் தோன்றியது.

கடல்நீரும் வினையூக்கியும்

ஹைட்ரஜன் எரியும்போது புகை எழுவதில்லை, நீராவியே உண்டாகிறது. ஒரு கிலோ ஹைட்ரஜன் எரிந்தால், ஒரு கிலோ பெட்ரோல் தருவதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு வெப்பம் கிடைக்கும். இன்று உலகில் ஆக்கப்படும் ஹைட்ரஜனின் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் பெறப்படுகிறது. அம்முறையில் கரியமில வாயு வெளியேறுகிறது. சூரிய ஒளியாலோ காற்றாலோ கிடைக்கும் மின்சாரத்தைக் கொண்டு நீரைப் பிரித்தால் அத்தீங்கு நேராது. 2023ஆம் ஆண்டில் இந்திய அரசு தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்திற்கு ஒப்புதல் அளித்தது. 2030ஆம் ஆண்டுக்குள் ஆண்டுதோறும் 50 லட்சம் டன் பசுமை ஹைட்ரஜன் உற்பத்தி செய்யும் திறனை எட்டுவது அதன் இலக்காகும்.

நீரில் இரண்டு மின்வாய்களை வைத்து மின்சாரம் செலுத்தினால், எதிர்மின்வாயில் ஹைட்ரஜனும் நேர்மின்வாயில் ஆக்சிஜனும் குமிழிகளாக வெளிவரும். இதுவே மின்பகுப்பு. ஒரு கிலோ ஹைட்ரஜன் பெற 9 கிலோ நீர் தேவை. குடிநீருக்கே தட்டுப்பாடு உள்ள பகுதிகளில் நன்னீரை இதற்குச் செலவிடுவது அரிது. கடல்நீரோ அளவின்றிக் கிடைக்கிறது.

ஆயினும், கடல்நீரைப் பிரிப்பதில் இடர்கள் பல உள்ளன. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவற்றுள் பெரும்பகுதி சமையலுக்குப் பயன்படும் அதே உப்பு. மின்சாரம் பாயும்போது நேர்மின்வாயில் ஆக்சிஜனுக்குப் போட்டியாகக் குளோரின் வெளிப்படுகிறது. குளோரின் நச்சு வாயு. உலோகங்களை அரிக்கவும் வல்லது. எதிர்மின்வாயிலோ மக்னீசிய, கால்சியச் சேர்மங்கள் வெண்ணிறப் படிவாகப் படிந்து வினையைத் தடுக்கின்றன.

இங்குதான் வினையூக்கி தேவைப்படுகிறது. சேஷாசல மலைத்தொடருக்கு அப்பால் உள்ள ஊருக்குச் செல்பவர் உச்சிவரை ஏறி இறங்கினால் களைத்துப்போவார். மலையிடையே தாழ்வான கணவாய் இருப்பின் அவர் பயணம் எளிதாகும். வேதிவினைக்கு அத்தகைய எளிய வழியை அமைத்துத் தரும் பொருளே வினையூக்கி. வினையை விரைவுபடுத்தும் அது, வினையின் முடிவில் தான் செலவாகாமல் எஞ்சும். நல்ல வினையூக்கி இருந்தால் குறைந்த மின்சாரத்தில் நீரைப் பிரிக்கலாம்.

பிளாட்டினமும் இரிடியமும் மிகச் சிறந்த வினையூக்கிகள். ஆனால், அவை அரிய உலோகங்கள், விலையும் மிகுதி. ஆகவே, நிக்கல், இரும்பு, கோபால்ட்டு போன்ற எளிதில் கிடைக்கும் உலோகங்களின் சேர்மங்களை அறிவியலாளர் ஆராய்கின்றனர். கடல்நீருக்கான வினையூக்கிக்குத் தகுதிகள் சில வேண்டும். அது குளோரினை விடுத்து ஆக்சிஜனையே வெளிப்படுத்த வேண்டும். உப்பு நீரில் நெடுங்காலம் அரிக்கப்படாமலும் இருக்க வேண்டும். காரத்தன்மை மிகுந்த நீரில் நிக்கலும் இரும்பும் கலந்த சேர்மங்கள் ஆக்சிஜனை முந்தி வெளியிடுவது ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. ஆய்வுக்கூடத்தில் வெற்றி பெற்றதைப் பல ஆண்டுகள் ஓயாது இயங்கும் ஆலையில் செயற்படுத்துவதே இப்போது எஞ்சியுள்ள சவால்.

காரைக்குடி ஆய்வகம் மின்கலம், உலோக அரிமானம், மின்பூச்சு ஆகியவற்றோடு நீரைப் பிரிக்கும் வினையூக்கிகளையும் ஆராய்கிறது. மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் அதற்குக் கிளைகள் உள்ளன. அங்கே கடற்காற்றிலும் உப்புநீரிலும் உலோகங்கள் அரிபடும் விதம் ஆராயப்படுகிறது. கடல்நீரைத் தாங்கும் கருவிகளைச் செய்ய அவ்வறிவு துணைசெய்யும்.

முடிவுரை

காரைக்குடிக்கு வடமேற்கே, அதே சிவகங்கை மாவட்டத்தில், பிரான்மலை உள்ளது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய பாரி ஆண்ட பறம்புமலை அதுவே என்பர். முல்லைக்கொடி பற்றிப் படரத் தன் தேரை ஈந்தவன் பாரி. கொடி படர்வதை அவன் காணக் காத்திருக்கவில்லை என்றே அக்கதை நமக்கு உணர்த்துகிறது. அம்மண்ணில் பிற்காலத்தில் தோன்றிய அழகப்பரும், தம் வாழ்நாளில் காண இயலாத பயனுக்காக நிலமும் பொருளும் ஈந்தார்.

அவர் தொடக்கி வைத்த தேடல் இன்னும் முடியவில்லை. கடல்நீரை எளிதில் பிரிக்கும் வினையூக்கியை முழுமையாகக் கண்டறியும் பணி அடுத்த தலைமுறையின் கையில் உள்ளது. திருப்பதியை அடுத்த ஏர்ப்பேட்டில் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமும் அமைந்துள்ளன. சித்தூரிலும் திருப்பதியிலும் பயிலும் மாணவர்க்கு ஆய்வுலகின் வாயில் அருகிலேயே திறந்திருக்கிறது.

அருஞ்சொற்பொருள்

ஈதல் – கொடுத்தல்
ஏவூர்தி – ராக்கெட்
வானம் பார்த்த பூமி – மழையை மட்டுமே நம்பிய நிலம்
மின்வாய் – கரைசலுக்குள் மின்சாரத்தைச் செலுத்தும் தகடு அல்லது கம்பி
மின்பகுப்பு – மின்சாரத்தால் ஒரு பொருளைப் பிரித்தல்
வினையூக்கி – தான் செலவாகாமல் வேதிவினையை விரைவுபடுத்தும் பொருள்
அரிமானம் – உலோகம் அரிபட்டுத் தேய்தல்
கணவாய் – மலைகளுக்கு இடையே உள்ள தாழ்ந்த வழி

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. அழகப்பர் பிறந்த ஊர் ________.
2. காரைக்குடி ஆய்வகத்திற்கு அடிக்கல் நாட்டியவர் ________.
3. ஒரு கிலோ ஹைட்ரஜன் பெற ________ கிலோ நீர் தேவை.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்திற்கு அழகப்பர் நன்கொடை அளித்ததன் நோக்கம் யாது?
2. காரைக்குடி ஆய்வகத்தைத் திறந்து வைத்தவருக்கும் திருப்பதிக்கும் உள்ள தொடர்பு யாது?
3. கடல்நீரைப் பிரிக்கும்போது நேர்மின்வாயில் தோன்றும் இடர் யாது?

இ. விரிவாக விடை எழுதுக.
1. சத்திரம் கட்டுவதற்கும் ஆய்வகம் அமைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்கி, அழகப்பரின் கொடை பற்றிய உங்கள் கருத்தை எழுதுக.
2. கடல்நீருக்கேற்ற வினையூக்கிக்கு இருக்க வேண்டிய தகுதிகளைத் தொகுத்து எழுதுக.

ஈ. பிரித்து எழுதுக.
1. இத்தேடல்
2. அவ்வாய்வகம்
3. நன்னீர்

உ. செய்து பார்க்க.
உங்கள் ஊரில் தனி ஒருவரின் கொடையால் உருவான பள்ளி, நூலகம், மருத்துவமனை அல்லது குளம் ஒன்றைப் பற்றி வீட்டிலுள்ள பெரியோரிடம் கேட்டறிந்து, பத்து வரிகளில் தமிழில் எழுதுக.